தூண் இருந்தால் கோயில், குவிமாடம் இருந்தால்தான் பள்ளிவாசலா?

 

ஒரே வாரத்தில் என் வாட்ஸ்அப்புக்கு இரண்டு படங்கள் வந்தன. முதலாவது, எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் குழுவில் ஒருவர் அனுப்பியது. கீழக்கரைப் பள்ளிவாசலின் கல் தூண் வரிசை. கீழே சிவப்பு எழுத்தில், "இந்தத் தூண்களைப் பாருங்கள், இது யாருடைய கோயில்?" என்று ஒரு கேள்வி. இரண்டாவது, என்னிடம் படித்த மாணவர் ஒருவர் அனுப்பியது. இப்போது அவருடைய ஊர் ஜமாத்தில் நிர்வாகியாக இருக்கிறார். அந்த ஊர்ப் பழைய கல் பள்ளியை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிற பள்ளியின் கம்ப்யூட்டர் வரைபடம். பச்சைக் குவிமாடம், நாலு மூலைக்கும் நாலு மினாரா, பளபளவென்று டைல்ஸ். "சார், எப்படி இருக்கு? நீங்களும் ஏதாவது செய்யணும்" என்று எழுதியிருந்தார்.

முதல் படத்தை அனுப்பியவருக்கும் இரண்டாவதை அனுப்பியவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஆனால் இருவர் மனதிலும் இருப்பது ஒரே எண்ணம்தான். கல் தூணும் மண்டபமும் என்றால் கோயில். குவிமாடமும் மினாராவும் என்றால் பள்ளிவாசல். ஒருவர் அதை வைத்துச் சந்தேகப்படுகிறார், இன்னொருவர் அதை வைத்துக் கூச்சப்படுகிறார். அந்த எண்ணமே தவறு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் கீழக்கரை. ராமநாதபுரத்திலிருந்து தெற்கே கடற்கரைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. அங்கே பள்ளிவாசல்கள் பல. மிகப் பழைய பள்ளி நபிகள் நாயகம் காலத்தது என்று ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள். அது அவர்களுடைய மரபு, அதற்குள் நான் போகவில்லை. நான் சொல்வது நடுத்தெரு ஜும்மா பள்ளியை. 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வள்ளல் சீதக்காதி கட்டியது. செத்தும் கொடுத்தவர் என்று பழமொழியில் நிற்கிறாரே, அவரேதான். பெரியதம்பி மரைக்காயர், ஷெய்கு அப்துல் காதிர் என்று பெயர். மிளகு வியாபாரி, கப்பல்காரர். ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு மிக நெருக்கமானவர். சேதுபதிகளின் 'விஜய ரகுநாத' என்ற பட்டத்தையே தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு நெருக்கம். ராமலிங்க விலாசம் அரண்மனை எழும்பியதில் சீதக்காதியின் பங்கு உண்டு என்பது ராமநாதபுரத்தில் இன்றும் பேசப்படும் பேச்சு. அவர் அடங்கியிருப்பதும் அந்தப் பள்ளியில்தான். பக்கத்திலேயே சதக்கத்துல்லா அப்பாவின் தர்கா.

இப்போது யோசியுங்கள். சேது நாட்டில், அந்த நூற்றாண்டில், ஒரு பணக்காரர் நிலைத்து நிற்கிற மாதிரி ஒரு கட்டடம் வேண்டும் என்று நினைத்தால் யாரைக் கூப்பிடுவார்? பாரசீகத்திலிருந்தா ஆள் வருவார்கள்? கல் தச்சர்களைத்தான் கூப்பிடுவார். அதே நூற்றாண்டில் ராமேஸ்வரத்தில் சேதுபதிகளின் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. உளி பிடிக்கத் தெரிந்த கைகள் இந்தச் சீமையில் இருந்தன. அந்தக் கைகளுக்குத் தெரிந்தது மண்டபம் கட்டுவது. கீழே சதுரம், நடுவே எட்டுப்பட்டை, மேலே மறுபடி சதுரம் என்று தூண். தூணின் தலையில் போதிகை. போதிகை மேல் உத்திரம். உத்திரத்தின் மேல் வரிசையாகக் கல் பலகை பாவி, அதன் மேல் சுண்ணாம்புத் தளம். தெரிந்த வேலையைத்தான் மனிதன் நன்றாகச் செய்வான்.

ஆனால் அவர்கள் கோயிலை அப்படியே நகல் எடுக்கவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துப் போயிருந்தேன். ஆளுக்கொரு தூண் கொடுத்து, அதில் என்னென்ன செதுக்கியிருக்கிறது என்று எழுதச் சொன்னேன். கோயில் மண்டபத்தில் இதே வேலையைக் கொடுத்தால் குதிரை, யாளி, குரங்கு, நடனப் பெண், பலராமன், கிருஷ்ணன் என்று நோட்டு நிறைந்துவிடும். இங்கே எல்லாப் பிள்ளைகளும் பூ, கொடி, கோலம், மறுபடி பூ என்றே எழுதினார்கள். ஒரு பையன், "சார், ஒரு எலிகூட இல்ல சார்" என்றான். அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டு, "இங்க உருவம் வைக்க மாட்டோம் தம்பி, அதான் அவன் பூவாப் போட்டுட்டான்" என்றார்.

வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தை அனுப்பியவருக்கு என் பதிலும் அதுதான். கோயிலில் உருவம் வரும் அதே சதுரப் பரப்பில் இங்கே பூ வருகிறது. செதுக்கியிருந்த உருவத்தை வெட்டி எடுத்திருந்தால் கல்லில் பள்ளம் விழுந்திருக்கும், தழும்பு தெரியும். எங்கிருந்தோ பெயர்த்து வந்த தூண்கள் என்றால் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்றின் வேலைப்பாடு ஒரு காலம், மற்றொன்று வேறு காலம் என்று இருக்கும். இங்கே தூணும் போதிகையும் உத்திரமும் ஒரே அளவுத் திட்டத்தில், ஒன்றுக்கொன்று பொருந்த, இந்த இடத்துக்கென்றே வெட்டியவை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோயிலை இடித்து அந்தக் கல்லில் பள்ளிவாசல் கட்டிய வரலாறும் இந்த நாட்டில் உண்டு. டெல்லியில் குதுப் மினார் பக்கத்தில் இருக்கும் குவ்வத்துல் இஸ்லாம் பள்ளிவாசலின் கல்வெட்டே 27 கோயில்களின் பொருட்களை எடுத்துக் கட்டியதாகச் சொல்கிறது. அங்கே போனால் தூண் மேல் தூண் அடுக்கி உயரத்தைச் சரிக்கட்டியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நடந்ததை நடந்தது என்று சொல்லித்தான் பாடம் நடத்த வேண்டும், நான் அப்படித்தான் நடத்தினேன். டெல்லியில் படையோடு வந்தவர்கள் கட்டியது ஒரு கதை. கீழக்கரையில் கப்பலோடு வந்து, பெண் எடுத்து, இங்கேயே பிறந்து, தமிழ் பேசி, சேதுபதியோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் கட்டியது வேறு கதை. இரண்டுக்கும் ஒரே தீர்ப்பு எழுதுகிறவர் கல்லையும் பார்க்கவில்லை, ஊரையும் பார்க்கவில்லை.

ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை போகிற வழியில்தான் திருப்புல்லாணி. ஆதிஜெகந்நாதப் பெருமாள் கோயில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று உண்டு. பவித்திரமாணிக்கப்பட்டினத்தின் கிழக்கே இருந்த சோனகச் சாமந்தப் பள்ளிக்கு நிலம் விட்ட செய்தி அதில் இருக்கிறது. சோனகர் என்றால் அரபு வழி முஸ்லிம்கள். அந்தப் பட்டினம் பக்கத்திலிருக்கும் இன்றைய பெரியபட்டினம்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அங்கே தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடுகள் நிறையக் கிடைத்தன. பெருமாள் கோயிலில் பள்ளிவாசலுக்கு நிலம் விட்ட கல்வெட்டு. ராமநாதபுரம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு வரலாற்றுப் பாடம் எது? ஆனால் டெல்லி சுல்தான்களின் வரிசையை மனப்பாடம் செய்ய வைத்தோமே தவிர, பஸ்ஸில் போகிற வழியில் இருக்கும் கல்லைக் காட்டவில்லை. பாடத்திட்டம் போடுகிறவர்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் கல்வெட்டில் வரும் 'பள்ளி' என்ற சொல்லையும் கவனியுங்கள். சமணத் துறவிகள் தங்கிய இடம் பள்ளி. பெருமாள் படுத்திருந்தால் பள்ளிகொண்டார். பிள்ளைகள் படித்தால் பள்ளிக்கூடம். தொழுதால் பள்ளிவாசல். கேரளத்தில் மாதா கோயிலையும் பள்ளி என்றுதான் சொல்கிறார்கள். மஸ்ஜித் என்ற அரபுச் சொல் கைவசம் இருந்தும், இங்கே வந்தவர்கள் ஊரில் ஏற்கெனவே புழங்கிய சொல்லை எடுத்துக்கொண்டார்கள். தொழுகை, நோன்பு எல்லாம் அப்படித்தான். சீதக்காதி ஆதரித்த உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடும்போது அரபு நாட்டிலேயே நம் ஊர் வயலையும் வாய்க்காலையும் ஓடவிட்டார். அந்தக் காவியத்துக்குத் தூண்டுகோலாக இருந்தவரும் இந்தக் கல் பள்ளியைக் கட்டியவரும் ஒரே ஆள் என்பதை யோசித்துப் பார்த்தால், அந்த மனிதருக்கு எதில் கூச்சம் இல்லை என்பது புரியும்.

இனி என் மாணவருக்கு. தம்பி, உங்கள் வரைபடம் அழகாகத்தான் இருக்கிறது. குவிமாடத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. பீஜப்பூர் கோல் கும்பஸுக்குள் நின்று அண்ணாந்து பார்த்து வாயடைத்துப் போனவன் நான். நம்ம திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசல், ஆற்காடு நவாப் குடும்பத்தார் 1795இல் கட்டியது, வடநாட்டுப் பாணி. அதுவும் அழகுதான். ஆனால் குவிமாடம் இல்லாவிட்டால் பள்ளிவாசல் முழுமையாகாது என்று உங்கள் கூட்டத்தில் யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அதற்குத்தான் என் பதில்.

மதீனாவில் நபிகள் நாயகம் கட்டிய பள்ளிவாசல் எப்படி இருந்தது என்று உங்கள் மதரஸாவிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மண் செங்கல் சுவர், பேரீச்ச மரத் தூண்கள், பேரீச்ச ஓலைக் கூரை. குவிமாடம் இல்லை, மினாரா இல்லை. இஸ்தான்புல்லில் நாம் பார்க்கிற மாதிரியான பெரிய குவிமாடம் எங்கிருந்து வந்தது? 537இல் கட்டிய ஹாகியா சோபியா ஒரு கிறிஸ்தவ தேவாலயம். துருக்கியர்கள் 1453இல் அந்த நகரத்தைப் பிடித்த பிறகு, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் தங்கள் பள்ளிவாசல்களைக் கட்டினார்கள். அவர்களும் தங்கள் ஊரில் இருந்ததைத்தான் எடுத்துக்கொண்டார்கள். தூண் வரிசையும் தட்டைக் கூரையுமாக நிற்கிற உங்கள் ஊர்க் கல் பள்ளி, அந்தப் பேரீச்ச மரத் தூண் பள்ளிக்கு உங்கள் கம்ப்யூட்டர் படத்தைவிட நெருங்கிய சொந்தம்.

கோழிக்கோட்டில் குற்றிச்சிறை மிஷ்கால் பள்ளிக்கு ஒருமுறை போய் வாருங்கள். மிஷ்கால் என்ற கப்பல் வணிகரின் பெயரில் நிற்கிறது. அடுக்கடுக்கான ஓட்டுக்கூரை, முழுக்க மர வேலை, தள்ளி நின்று பார்த்தால் கேரளத்துக் கோயிலா, தறவாட்டு வீடா என்று தோன்றும். 1510இல் போர்த்துக்கீசியர்கள் தீ வைத்தார்கள். அதன் பிறகு பழுது பார்த்து இன்னும் தொழுதுகொண்டிருக்கிறார்கள். ஜாவாவில் தெமாக் பள்ளிவாசல் மூன்றடுக்குக் கூரையோடு நிற்கிறது. சீனாவில் சியான் பள்ளிவாசலைப் படத்தில் பார்த்தால் சீனத்துக் கோயில் வளாகம் என்றுதான் நினைப்பீர்கள். அங்கெல்லாம் தொழுகிறவர்கள் யாரும் தங்களைக் குறைந்த முஸ்லிம்களாக நினைக்கவில்லை.

நம் கல் தச்சர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. கோயில் அமைப்பில் கருவறை உண்டு, அதன் முன்னால் மண்டபம் உண்டு. கருவறை சின்னது, இருட்டு, அர்ச்சகர் மட்டும் நிற்கிற இடம். மண்டபம் ஊருக்கானது. தொழுகைக்கு எல்லோரும் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நிற்க வேண்டும். அதனால் கருவறையை விட்டுவிட்டு மண்டபத்தை மட்டும் எடுத்து, அதையே முழுக் கட்டடமாக ஆக்கிவிட்டார்கள். மக்கா இங்கிருந்து மேற்கே, சற்று வடக்குச் சாய்வாக. ஆகவே கிழக்கே வாசல் வைத்து, மேற்கு நோக்கி உள்ளே நுழைந்து, மேற்குச் சுவரில் மிஹ்ராப். கிழக்கு வாசல் வைத்துக் கட்டியே பழகியவர்களுக்கு இது புதிதாகவே இருந்திருக்காது. கால் கழுவிவிட்டு உள்ளே போவதும் இங்கே யாருக்கும் புதிதில்லை. குளம் இருந்த இடத்தில் ஒளு செய்ய ஹவுள் வந்தது. எந்த இன்ஜினியரிங் கல்லூரியிலும் படிக்காதவர்கள், வேண்டியது எது, வேண்டாதது எது என்று இவ்வளவு துல்லியமாகப் பிரித்திருக்கிறார்கள்.

இடம் போதவில்லை என்கிறீர்கள். அது நியாயம். வெள்ளிக்கிழமை பாதிப் பேர் வெயிலில் தெருவில் நிற்கிறார்கள் என்றால் அதற்கு வழி செய்தே ஆக வேண்டும். கல் பலகை எவ்வளவு நீளம் தாங்குமோ அவ்வளவுதான் தூணுக்குத் தூண் இடைவெளி விட முடியும். அதனால் தூண்கள் நெருக்கமாக வரும், வரிசை நடுவில் மறிக்கும். கான்கிரீட்டில் அந்தத் தொல்லை இல்லை. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால் கொடுங்கல்லூர் சேரமான் ஜும்மா பள்ளியில் என்ன நடந்தது என்று விசாரியுங்கள். அதுவும் பழைய கேரளப் பாணிக் கட்டடம். 629இல் எழுந்தது என்பது அவர்கள் மரபு. கூட்டம் பெருகியதால் பிற்காலத்தில் கான்கிரீட்டில் விரித்து, குவிமாடமும் மினாராவும் வைத்துக் கட்டினார்கள். பழைய பள்ளி உள்ளே எங்கோ போய்விட்டது. இப்போது முசிறிப் பாரம்பரியத் திட்டத்தின் கீழ் அந்தக் கான்கிரீட்டை எடுத்துவிட்டுப் பழைய தோற்றத்தை மீட்டெடுத்திருக்கிறார்கள். கூட்டத்துக்கு வேண்டிய கூடுதல் இடத்தைத் தரைக்கு அடியில் அமைப்பது என்று முடிவெடுத்தார்கள். அவர்கள் நல்ல காலம், பழைய பள்ளியை முற்றிலும் இடிக்காமல் விட்டிருந்தார்கள். இடித்திருந்தால் மீட்க என்ன இருந்திருக்கும்?

கடற்கரை ஊர்க்காரரான உங்களுக்கு இன்னொரு கணக்கும் தெரியும். உப்புக்காற்றில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதும், சிமெண்ட் பிளந்து விழும். நம் பகுதியில் நாற்பது ஐம்பது வருஷத்து அரசுக் கட்டடங்கள் எப்படி நிற்கின்றன என்று ஒரு சுற்று பார்த்துவிட்டு வாருங்கள். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் ஒன்றில் கூரை பெயர்ந்து விழுந்ததால் மரத்தடியில் வகுப்பு நடத்தினோம். கல் மண்டபத்தில் துருப்பிடிக்க ஒன்றுமில்லை. மேலே சுண்ணாம்புத் தளம் விரிசல் விட்டால் அதைச் சரி செய்தால் போதும். சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் கலந்து அரைக்கத் தெரிந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நீங்கள் இடிக்காமல் விட்டாலும் வேறு ஆபத்துகள் உண்டு. தூணுக்கு எனாமல் பெயிண்ட் அடிப்பது. கல் சுவருக்குச் சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டுவது. சுத்தம் செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சி அடிப்பது. நம் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் இதையெல்லாம் செய்து எவ்வளவு கல்வெட்டுகளை மொட்டையாக்கினோம்! அந்த விஷயத்தில் மட்டும் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று வேறுபாடே இல்லாமல் ஒற்றுமையாக இருக்கிறோம்.

என் யோசனை இது. புதுக் கூடத்தைக் கிழக்குப் பக்கக் காலி மனையில் கட்டுங்கள். குவிமாடம் வேண்டுமானால் அதற்கு வையுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? கல் பள்ளி மேற்கே மிஹ்ராபோடு அப்படியே இருக்கட்டும். இமாம் அங்கே நின்று தொழ வைத்தால் முதல் வரிசைகள் கல் தூண்களுக்கு நடுவிலும் மற்றவை புதுக் கூடத்திலும் நிற்கும். இரண்டையும் இணைப்பது பெரிய வேலையில்லை. வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு தூணையும் படம் எடுங்கள், அளவு எடுங்கள். எழுத்து இருக்கும் கல் ஒன்று தென்பட்டாலும் தொல்லியல் துறைக்கு எழுதிப் படியெடுக்கச் சொல்லுங்கள். அரபு எழுத்தோ தமிழ் எழுத்தோ, எதுவாக இருந்தாலும் சரி.

இதையெல்லாம் சொல்ல நீ யார், அது அவர்கள் பள்ளிவாசல் என்று கேட்பீர்கள். சரிதான். முடிவெடுப்பது ஜமாத்துதான், நான் ஓட்டுப் போடப்போவதில்லை. ஆனால் அந்தத் தூணைச் செதுக்கியது என் ஊர்க் கல் தச்சன். அந்த வகையில் எனக்கும் அதில் ஒரு பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன். அதோடு, "இந்தத் தூண்கள் யாருடையவை" என்று சிவப்பு எழுத்தில் கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவதற்கு இருக்கிற ஒரே ஆதாரம் அந்தத் தூண்கள்தான். நீங்களே அதைப் பெயர்த்து லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டால், நாளைக்கு அவர் அங்கே என்ன இருந்ததாகச் சொன்னாலும் மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இருக்காது.

நேற்று போனில் பேசினார். "அடுத்த கூட்டத்துல பேசிப் பாக்குறேன் சார், பெரியவங்க சிலருக்கும் இடிக்க மனசில்ல" என்றார். அளவெடுக்க ஆள் வேண்டுமென்றால் நானே டேப்போடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முழங்கால்தான் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும்.

உங்கள் ஊரில் இப்படிப் பழைய கல் பள்ளி இருந்தால் ஊர்ப் பெயரைக் கீழே எழுதுங்கள். தூண், போதிகை, வாசல் நிலை மூன்றும் தெரிகிற மாதிரி படம் அனுப்பினால் இன்னும் நல்லது. தொழுகை நேரத்தில் போய் எடுக்காதீர்கள். பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.